கீழே ஒலிப்பதைக் கேட்டல்: பதிவிலிருந்து பேஸ் கிற்றாரைக் காதால் பிடிப்பது எப்படி?

ஒரு பாட்டில் பேஸ் கிற்றார் எங்கே ஒலிக்கிறது என்று கேட்டால் நம்மில் அதிகமானோருக்குச் சொல்லத் தெரியாது. பாடுபவரின் குரல் தெரியும். வயலின், புல்லாங்குழல், தபேலா எல்லாம் தெரியும். பேஸ் இவற்றுக்கெல்லாம் கீழே கிடக்கிறது. அதை மட்டும் எடுத்துவிட்டு அதே பாட்டைப் போட்டால், என்ன குறைகிறது என்று தெரியாமலேயே பாட்டு மெலிந்துபோன மாதிரி இருக்கும்.

வடக்கிலும் கிழக்கிலும் கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்த பாட்டுக் கோஷ்டிகளில், பேஸ் கிற்றார்காரர்களில் பெரும்பாலானோர் சுரத்தாள் பார்த்துப் பழகியவர்கள் அல்லர். சினிமாப் பாட்டைக் கசற்றில் போட்டு, திரும்பத் திரும்பக் கேட்டு, விரலால் தேடிப் பிடித்தவர்கள். அந்த வேலை எப்படி நடக்கிறது, இன்று அதைத் தொடங்க விரும்பும் ஒருவர் எங்கே கை வைக்க வேண்டும், காது பழுதான ஒருவரால் இது முடியுமா என்பவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். ஏன் இப்போது என்றால், எங்கள் கோஷ்டிகள் வாசித்தவற்றில் பெரும்பகுதி எந்தத் தாளிலும் இல்லை. கசற்றுகளும் குறைந்துகொண்டு வருகின்றன. வாசித்தவர்களுக்கும் வயதாகிறது.

முதலில் கருவி. சாதாரண பேஸ் கிற்றாரில் நாலு கம்பிகள். தடித்த கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி என்று சுருதி சேர்ப்பார்கள். ஆறு கம்பிக் கிற்றாரின் தடித்த நாலு கம்பிகளுக்கும் இதே சுரங்கள்தான், பேஸில் ஒரு ஸ்தாயி கீழே. அதனால் பேஸ் வாங்க வசதி இல்லாதவர்கள் சாதாரண கிற்றாரின் மேல் நாலு கம்பியில் பேஸ் பாகங்களைப் பழகலாம். விரல் வைக்கும் இடம் ஒன்றேதான். 1951 இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த மின் பேஸுக்குப் ‘பிரிசிஷன்’ என்று பெயர் வைத்ததற்கும் காரணம் இந்த இடங்கள்தான். ஆளுயர டபுள் பேஸில் விரல் கொஞ்சம் பிசகினாலும் சுருதி பிசகும். இதில் கட்டை போட்டிருப்பதால் கட்டைக்குப் பின்னால் விரலை வைத்தால் சுரம் சரியாக விழும்.

இந்தக் கருவியின் ஆகக் கீழான சுரம், திறந்த ஈ கம்பி, செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவை அதிர்கிறது. திறந்த ஜி கம்பி 98 தடவை. இருபது கட்டை உள்ள பேஸில் ஆக மேலே போனாலும் 311 ஐத் தாண்டாது. இந்த எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் போனைப் பற்றியும் காதைப் பற்றியும் பேசும்போது தேவைப்படும்.

கசற்றும் டைனமோவும்

வன்னியில் இன்றும் கோஷ்டியில் வாசிக்கும் பேஸ்காரர் ஒருவரோடு சில மாதங்களாகப் பழகி வருகிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவரை இங்கே அண்ணை என்றே எழுதுகிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். அவர் பேஸ் பழகியது 1990 களின் தொடக்கத்தில், குடாநாட்டில். 1990 இல் போர் மறுபடி தொடங்கியதோடு மின்சாரம் நின்றது. பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் கரன்ரில் ரேடியோவும் ரேப் ரெக்கோடரும் ஓடிய காலம். என் வயதுக்காரருக்கு அது மங்கலான நினைவு. மூத்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அண்ணை சொன்ன ஒரு விடயம் எனக்குப் புதிது. “சுத்திறவன் களைச்சால் பாட்டும் களைச்சுப்போம், பிள்ளை. ஈயில இருந்த பாட்டு டி ஷார்ப்புக்கு இறங்கிப்போம். நான் கம்பியை இறக்கிக்கொண்டு போவன். அவன் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தால் திரும்ப ஏத்த வேணும்.”

சிரித்துக்கொண்டு சொன்னார். ஆனால் கணக்குச் சரி. கசற் நாடா செக்கனுக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓட வேண்டும். வேகம் ஏறத்தாழ 6 வீதம் மாறினால் சுருதி முழுதாக ஒரு அரைச்சுரம் மாறும். மோட்டாருக்குப் போகும் மின் அழுத்தம் விழ, நாடா மெதுவாகும். பாட்டு கீழே இறங்கும். றெக்கோடிங் பாரில் பாட்டுப் பட்டியல் கொடுத்துப் பதிவு செய்வித்த கசற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. பதிந்த இயந்திரத்தின் வேகம் ஒன்று, வீட்டு இயந்திரத்தின் வேகம் இன்னொன்று.

அதனால்தான் அந்தக் காலத்தில் பழகியவர்களிடம் ஒரு பழக்கத்தைப் பார்க்கலாம். முதலில் கருவியைப் பாட்டுக்குச் சேர்ப்பார்கள். ரியூனரை வைத்துத் துல்லியமாகச் சேர்த்துவிட்டு, பிறகு பாட்டைப் போட்டு, “எந்தக் கட்டையிலும் பொருந்துதில்லையே” என்று தவிக்கும் இளையவர்களுக்கு இதுதான் முதல் பாடம். பழைய பதிவுகள் பல, யூடியூபில் ஏற்றப்பட்டவையும் சேர்த்து, இரண்டு சுரங்களுக்கு நடுவில் நிற்கின்றன. பாட்டை அசைக்க முடியாவிட்டால் கம்பியை அசைக்க வேண்டும். இன்று பாட்டையே அசைக்கும் மென்பொருள்கள் இலவசமாக உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

எங்கிருந்து தொடங்குவது

போனின் சின்ன ஸ்பீக்கரில் பேஸைத் தேடாதீர்கள். அந்த ஸ்பீக்கர் சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே உள்ளதை ஏறக்குறைய விட்டுவிடும். பேஸ் கிற்றாரின் அடிச்சுரங்கள் அநேகமாக முழுவதும் அந்த எல்லைக்குக் கீழேதான். அப்படியென்றால் போனில் பேஸ் கொஞ்சமாவது கேட்பது எப்படி? ஒவ்வொரு சுரமும் தனக்கு மேலே இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நாலு மடங்கு அதிர்வுள்ள கிளைச்சுரங்களோடுதான் பிறக்கிறது. ஸ்பீக்கர் கிளைகளை மட்டும் தருகிறது. மூளை அவற்றின் இடைவெளியைப் பார்த்து, அங்கே இல்லாத அடிச்சுரத்தைத் தானே ஊகித்துக்கொள்கிறது. ஊடகக் கற்கையில் ஒலிப்பதிவுப் பாடத்தில் இதைப் படித்தபோது வெறும் தகவலாகத் தெரிந்தது. ஆறு பாட்டுக்குப் பேஸ் தேடிப் பார்த்த பிறகுதான் இதனால் வரும் குழப்பம் விளங்கியது: சுரம் சரியாகத் தெரியும், ஸ்தாயி தெரியாது. கீழேயுள்ள ஏயா, மேலேயுள்ள ஏயா என்று தடுமாற்றம் வரும். நல்ல ஹெட்போனோ, ஓரளவு பெரிய ஸ்பீக்கரோ இருந்தால் பாதிச் சிக்கல் தீரும்.

ஹெட்போனைக் கொழுவிக்கொண்டு முதல் தடவை கருவியைத் தொடாமல் கேளுங்கள். இரண்டாம் தடவை ட்ரம்ஸின் காலடியை மட்டும் கேளுங்கள். காலால் மிதித்து அடிக்கும் அந்தப் பெரிய ட்ரம்மும் பேஸும் பெரும்பாலும் சோடியாகத்தான் நடக்கும். எங்கே காலடி விழுகிறதோ அங்கே பேஸ் சுரம் ஒன்று தொடங்க வாய்ப்பு அதிகம். அண்ணையின் வாசகம் இது: “மேல போகாதையும். பாடுறவர் சும்மா பாடட்டும். நீர் காலடிக்குள்ள நில்லும்.”

மூன்றாம் தடவை, பேஸை வாயால் பாடுங்கள். இதைத்தான் ஆகப் பலர் தாண்டிப் போகிறார்கள். வெட்கம் ஒரு காரணம். பாட முடியாத ஒன்றை விரல் கண்டுபிடிக்காது. கண்டுபிடித்தாலும் அது ஊகமாகத்தான் இருக்கும். எங்கள் குரல் அவ்வளவு கீழே போகாது. ஒரு ஸ்தாயி மேலே வைத்துப் பாடலாம், சுரம் மாறாது. நாதஸ்வரமும் தவிலும் பழகியவர்கள் வாயால் சொல்லிச் சொல்லித்தானே பாடம் பண்ணினார்கள். இதுவும் அதே வழிதான்.

அதன் பிறகு கம்பியில் தேடுங்கள். ஒவ்வொரு தாளவட்டத்திலும் முதல் அடியில் விழும் சுரத்தை மட்டும் தேடினால் போதும், நடுவில் ஓடுபவற்றை விட்டுவிடுங்கள். பேஸின் முதல் அடி பெரும்பாலும் அந்த இடத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டின் ஆதார சுரமாக இருக்கும். சட்சம் போல என்று வைத்துக்கொள்ளலாம். அது கிடைத்தால் அடுத்துப் பஞ்சமம், அதாவது ஒரு கம்பி கீழே இறங்கி இரண்டு கட்டை தள்ளிய இடம். அடுத்து மேல் சட்சம், இரண்டு கம்பி தள்ளி இரண்டு கட்டை. சாதாரணப் பாட்டொன்றின் பேஸில் பெரும்பகுதி இந்த மூன்று இடங்களுக்குள்ளேயே நடந்துவிடும். மிச்சம், ஓர் ஆதார சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் படிகள்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்லும் முதல் பாட்டு தமிழ்ப் பாட்டல்ல. பென் ஈ. கிங் பாடி 1961 இல் வெளிவந்த ‘ஸ்டாண்ட் பை மீ’. பேஸ்தான் பாட்டைத் தொடங்குகிறது, மறைக்க மேலே அதிகம் இல்லை, எட்டுத் தாளவட்டம் கொண்ட ஒரே சுற்று கடைசிவரை திரும்பத் திரும்ப வருகிறது. நாலே சுரக்கூட்டு. ஒரு பின்னேரத்தில் பிடித்துவிடலாம். பிடித்ததும் வரும் துணிவு பெரிது.

இளையராஜா என்ற மேடு

அந்தத் துணிவோடு நேரே இளையராஜாவிடம் போனால் மூச்சு வாங்கும். அவர் பாட்டுகளில் பேஸ் ஆதார சுரத்தைக் காட்டிவிட்டுச் சும்மா நிற்பதில்லை. பாடுபவரின் மெட்டுக்குக் கீழே இன்னொரு மெட்டாக ஓடும். சில இடங்களில் முதல் அடியில் ஆதார சுரத்துக்குப் பதிலாகக் கூட்டிலுள்ள வேறொரு சுரத்தை வைப்பார். நான் மேலே சொன்ன சூத்திரம் அந்த இடத்தில் கை கொடுக்காது. ‘நினைவெல்லாம் நித்யா’ (1982) படத்தின் ‘பனிவிழும் மலர்வனம்’ பேஸ்காரர்கள் பலர் எடுத்துக்காட்டும் பாட்டு. அண்ணைக்கு அதைப் பிடிக்க இரண்டு மாதம் எடுத்ததாம். “அதுக்குள்ள கசற் நாடா தேஞ்சு போச்சு” என்றார்.

இளையராஜா மேற்கத்தைய சுரத்தாளில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே எழுதிக் கொடுப்பவர். பேஸுக்கும் எழுதினார். அதாவது அண்ணை இரண்டு மாதம் தேடிய சுரங்கள் சென்னையில் ஒரு தாளில் தெளிவாக இருந்தன. அந்தத் தாள் எங்களிடம் வரவில்லை. வந்தது கசற் மட்டும். காதால் பிடிப்பது என்பது அந்தத் தாளை இங்கே இருந்து திரும்ப எழுதும் வேலை.

வாசித்தவர் யார் என்பதும் கசற் அட்டையில் இல்லை. இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடியவர்களின் பெயர்கள் இருக்கும், அவ்வளவுதான். இளையராஜாவின் அந்தக் காலப் பாடல்கள் பலவற்றில் பேஸ் வாசித்தவர் சசிதரன். ரஹ்மானின் பாடல்கள் பலவற்றில் கீத் பீற்றர்ஸ். இந்தப் பெயர்களை நான் அறிந்தது முப்பது வயதுக்கு நெருங்கித்தான். பல வருடமாக அவர்களுடைய விரல்களைத் தெரிந்து வைத்திருந்த அண்ணைக்கும் பெயர்கள் இணையம் வந்த பிறகுதான் தெரிய வந்தன.

இது தமிழ் சினிமாவுக்கு மட்டுமான குறை அல்ல. அமெரிக்காவின் டெற்றோயிற் நகரில் மோட்டவுன் நிறுவனத்தின் 1960 களின் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். உலகம் முழுக்க அந்தப் பாட்டுகளைக் கேட்டுப் பேஸ் பழகினார்கள். யாரைப் பார்த்துப் பழகுகிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. வாத்தியக்காரர்களின் பெயரை நிறுவனம் இசைத்தட்டில் போடுவதில்லை. 1971 இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஒன்’ இசைத்தட்டில்தான் அவர் பெயர் ஒழுங்காக அச்சில் வந்தது. 1983 இல், 47 வயதில் இறந்தார். 1989 இல் அலன் ஸ்லட்ஸ்கி என்ற கிற்றார்காரர், ஜேமர்சனின் வாழ்க்கையையும் அவருடைய பேஸ் பாகங்களையும் சேர்த்து ஒரு புத்தகமாகக் கொண்டுவந்தார். அதன் பிறகுதான் வெளியுலகம் அவரைப் பரவலாக அறிந்தது. 2002 இல் அதே பெயரில் ஆவணப்படமும் வந்தது.

ஜேமர்சன் வலது கையின் ஒரே விரலால் வாசித்தவர். கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார் என்பதும் பிரசித்தம். பழைய கம்பியின் மந்தமான நாதம் அவருக்குப் பிடித்திருந்தது. எங்கள் ஆட்கள் கம்பி மாற்றாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. தடைக் காலத்தில் பேஸ் கம்பி கிடைப்பதில்லை. அழுக்கேறிச் செத்துப்போன கம்பியைக் கழற்றி, சுடுதண்ணீரில் அவித்து, துடைத்துக் காயவைத்துத் திரும்பப் போடுவார்கள். உலகெங்கும் காசில்லாத பேஸ்காரர்கள் செய்யும் வேலைதான். கொஞ்ச நாளைக்கு நாதம் திரும்பி வரும்.

இன்றைய வசதிகள்

இப்போது தொடங்குபவருக்கு நாடா தேயும் கவலை இல்லை. யூடியூபிலேயே வேகத்தை முக்காலாகவோ அரையாகவோ குறைக்கலாம், சுருதி மாறாது. ஓடிஸிற்றி என்ற இலவச மென்பொருளில் பாட்டின் சிறு துண்டைத் தெரிவுசெய்து சுற்றிச் சுற்றி ஒலிக்க விடலாம். சுருதி நடுவில் நிற்கும் பழைய பதிவை உங்கள் கருவிக்குச் சேர்க்கலாம். பேஸுக்கென்றே உதவும் ஒரு தந்திரம்: அந்தத் துண்டின் சுருதியை முழுதாக ஒரு ஸ்தாயி, அதாவது பன்னிரண்டு அரைச்சுரம், உயர்த்துங்கள். பாடுபவர் அணில் மாதிரிக் கத்துவார். பேஸோ காது நன்றாகப் பிடிக்கும் உயரத்துக்கு ஏறி, சாதாரண கிற்றார் மாதிரித் தெளிவாகக் கேட்கும். ஏறி இறங்கும் வேகமான இடங்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மெதுவாக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. பாதிக்கும் கீழே போனால் கீழ்ச் சுரங்கள் ஒன்றோடொன்று கலந்து களியாகிவிடும்.

செயற்கை நுண்ணறிவால் பாட்டைக் குரல், ட்ரம்ஸ், பேஸ் என்று பிரித்துத் தரும் கருவிகளும் வந்துவிட்டன. டீசர் நிறுவனம் 2019 இல் இலவசமாக வெளியிட்ட ஸ்ப்ளீற்றர் அவற்றில் ஒன்று. பேஸை மட்டும் தனியே கேட்கும்போது மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பாட்டுகளில் இவை இடறுகின்றன. தபேலாவின் இடது கைத் தொனியும் மிருதங்கத்தின் தொப்பித் தொனியும் கீழ்ச் சுரங்கள் என்பதால், கருவி அவற்றைப் பேஸ் என்று நினைத்து அதற்குள் போட்டுவிடுகிறது. ஒலித்தடம் எல்லாம் ஒன்றாய் ஒட்டிப்போன பழைய பதிவுகளில் இன்னும் மோசம். முதலில் காதால் பிடித்துவிட்டு, சந்தேகம் உள்ள இடத்தைச் சரிபார்க்க மட்டும் இவற்றைப் பயன்படுத்துவதே நல்லதென்பது என் எண்ணம். இவற்றில் தொடங்கியவர்கள் கலியாண வீட்டு மேடையில் பாடகர் திடீரென்று சுருதி மாற்றினால் திகைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

1990 களுக்குப் பிந்திய பாட்டுகளில் இன்னொரு சிக்கல். கீபோட்டில் வாசித்த பேஸ் பல இடங்களில் நாலு கம்பிப் பேஸின் ஈக்கும் கீழே இறங்கும். உங்கள் கருவியில் அந்தச் சுரம் இல்லையென்றால் பிழை உங்கள் காதில் இல்லை. ஐந்தாவது கம்பியாகக் கீழ் பி உள்ள பேஸ் வேண்டும். இல்லாவிட்டால் ஒரு ஸ்தாயி மேலே வாசித்துச் சமாளிக்க வேண்டும்.

காது பழுதானவர்கள்

இந்தக் கட்டுரையை வாசிப்பவர்களில் ஷெல் சத்தத்தால் காது பாதிக்கப்பட்டவர்கள் இருப்பீர்கள். “எனக்குக் காது சரியில்லை, இசை எல்லாம் முடிந்தது” என்று சொன்ன இரண்டு மூன்று பேரை எனக்கே தெரியும். அவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பெருஞ்சத்தம் உட்காதைத் தாக்கும்போது பொதுவாக முதலில் போவது செக்கனுக்கு 3000 முதல் 6000 அதிர்வு வரையிலான உயர்ந்த பகுதி. 4000 அளவில் இழப்பு ஆகக் கூடுதலாக இருப்பதைக் காதுப் பரிசோதனை வரைபடத்தில் ஒரு பள்ளமாகவே பார்க்கலாம். ச, ஸ, த போன்ற ஒலிகளின் கூர்மை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் “பேசிறது கேக்குது, என்ன சொல்லுகினம் எண்டு விளங்கேல்லை” என்ற முறைப்பாடு. பேஸ் கிற்றாரின் அடிச்சுரங்களோ 41 க்கும் 311 க்கும் இடையில். இந்த வகைப் பாதிப்பில் அந்தப் பகுதி பெரும்பாலும் கடைசிவரை தங்கும். வயலினும் புல்லாங்குழலும் மங்கிப்போன ஒருவருக்குப் பேஸ் மங்காமல் இருக்கக்கூடும். சிலருக்கு மேலே உள்ளவை மங்கியதால் கீழே உள்ளது முன்னைவிட எடுப்பாகக்கூடத் தெரியும்.

செவிப்பறை கிழிந்தவர்கள், நடுக்காது பழுதானவர்கள் நிலை வேறு. அவர்களுக்குக் கீழ்ச் சுரங்களும் குறையும். ஆனால் உட்காது நன்றாக இருந்தால் எலும்பு வழியாகக் கேட்கலாம். அண்ணைக்கு 2009 இல் இடது காது போய்விட்டது. செவிப்பறை என்று வைத்தியர் சொன்னாராம். அவர் இருந்து பழகும்போது பேஸின் மேல் கொம்பில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு வாசிப்பார். மரத்தின் அதிர்வு தாடை எலும்பு வழியே நேராக உட்காதுக்குப் போகிறது. பாட்டைக் கேட்கும்போது ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைப்பார். சுரம் கையில் தெரியாது. எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்பது தெளிவாகத் தெரியும். பேஸில் பாதி அதுதானே.

கேட்பதற்காக ஒலியைக் கூட்டாதீர்கள். ஏற்கனவே அடிபட்ட காதுக்கு அது இரண்டாவது அடி. உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பான கேட்டலுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபெலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம். ஒலி அதைவிடக் கூடக் கூட நேரம் வேகமாகக் குறைய வேண்டும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கும் வேலை என்பதால் மணித்தியாலங்கள் போவது தெரியாது. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஹெட்போனைக் கழற்றுங்கள். காதுக்குள் இரைச்சல் தொடங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான். அந்த இரைச்சல் நாட்கணக்கில் நீடித்தாலோ, காதிலிருந்து நீர் வடிந்தாலோ காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் போங்கள். பதினைந்து வருடத்துக்கு முந்திய காயம் என்று விட்டுவிட வேண்டாம். கிழிந்த செவிப்பறைக்குப் பல வருடம் கழித்தும் சத்திரசிகிச்சை செய்வதுண்டு.

எழுதி வைப்பது

பிடித்ததை எழுதி வையுங்கள். சுரத்தாள் தெரிய வேண்டும் என்றில்லை. கொப்பியில் நாலு கோடு கிழித்தால் நாலு கம்பி. எந்தக் கட்டையில் விரல் வைக்க வேண்டுமோ அந்த எண்ணைக் கோட்டின் மேல் எழுதினால் போதும். திறந்த கம்பிக்குச் சைபர். தாளவட்டம் முடியும் இடத்தில் நெட்டுக்கோடு. மேலே பாட்டின் பெயர், எந்தப் பதிவைக் கேட்டீர்கள், கருவி எந்தச் சுருதியில் இருந்தது என்று குறியுங்கள். சுருதியைக் குறிக்காமல் விட்டால் இன்னொருவருக்கு அது பயன்படாது.

சினிமாப் பாட்டை எழுதாமல் விட்டாலும் குடி முழுகாது. சென்னையில் பதிவு இருக்கிறது, நாளைக்கும் யாராவது எழுதுவார்கள். எங்கள் ஊர்க் கோஷ்டிகள் சொந்தமாகச் செய்த பாட்டுகள் அப்படி அல்ல. கோயில்கள் பேரில் வந்த கசற்றுகள், நாடகங்களுக்குப் போட்ட பாட்டுகள், போர்க்காலப் பாட்டுகள் என்று எத்தனையோ. இடப்பெயர்வில் விட்டுவிட்டு ஓடியவை, மழையில் நனைந்தவை, சோதனைக்குப் பயந்து எரித்தவை, புதைத்தவை போக மிஞ்சியது கொஞ்சம். இவற்றில் பேஸ் வாசித்தவர்கள் யார் என்ற விபரம் அட்டையிலும் இல்லை. பல இடங்களில் அட்டையே இல்லை.

வீட்டில் அப்படி ஒரு கசற் இருந்தால் சும்மா போட்டுப் பார்க்காதீர்கள். பழைய நாடா முதல் ஓட்டத்திலேயே அறுந்துபோகலாம். முதலில் கையால் சுற்றிப் பாருங்கள், இறுகியிருந்தால் வற்புறுத்த வேண்டாம். இயந்திரத்தின் தலையை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். வயரை நேரே கணினிக்குக் கொடுத்து, முதல் ஓட்டத்திலேயே பதிவு செய்யுங்கள். போனை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடித்துப் பதிந்தால் முதலில் தொலைவது பேஸ்தான். எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாக வையுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைற், ஒரு மணித்தியாலக் கசற்றுக்கு 600 மெகாபைற் வரும். இன்றைக்கு அது ஒரு சுமையே இல்லை. சுருதி ஆடினாலும் அப்படியே விடுங்கள், திருத்துவதைப் பிரதியில் செய்யலாம்.

அண்ணை இப்போது தான் 1994 இல் வாசித்த ஒரு பாட்டை எழுதிக்கொண்டிருக்கிறார். அம்மன் கோயிலொன்றின் திருவிழாவுக்காக அவர்களுடைய கோஷ்டியே மெட்டமைத்தது. கசற் 1995 இடப்பெயர்வில் போய்விட்டது. பாடியவர் உயிரோடு இல்லை. கேட்டுப் பிடிக்கப் பதிவு இல்லாததால், கையிடமே கேட்கிறார். கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். விரல் போகும் இடத்தை நான் கொப்பியில் எண்ணாகக் குறிப்பேன். பல்லவியும் முதல் சரணமும் தடங்கலில்லாமல் வந்துவிட்டன. இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வரும் இடையிசையில் விரல் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அதே இடம். “இதில கீபோட்காரன் ஒண்டு செய்வான், அதைக் கேட்டால் எனக்கு வந்திடும்” என்கிறார். கீபோட் வாசித்தவர் கனடாவில் இருப்பதாகத் தகவல். அவரிடம் கசற்றின் ஒரு பிரதி இருக்கலாம் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதால், அந்த எட்டுத் தாளவட்டத்துக்கும் கோடு மட்டும் கிழித்து, எண் போடாமல் விட்டிருக்கிறோம்.